தேவராஜ் வாயைத் திறந்தார்

செத்துப்போனவர்கள் பேச மாட்டார்கள் என்பது உலகத்துக்கே ஒரு பெரிய ஆறுதல். இனி நாம் செய்வதை அவர் தட்டிக் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இருப்பவர்கள் அழுது முடித்து அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு அந்த ஆறுதல் கிடைக்காமல் செய்தவன் நான். செத்துப்போன ஒரு மனிதரை, காரியம் முடிவதற்குள் வாயைத் திறக்க வைத்தேன். மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கொஞ்சம் மரவேலை. அதுவும் சரியாகத் தெரியாது என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் அடைத்து வரும். மெஷின் உள்ளே போனதும் பெட்டி காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து எங்களைப் போன்ற பைத்தியங்களின் வீட்டுக்குப் போகும். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். எங்களைப் போலப் பத்துப் பதினைந்து பேர் மட்டும் அந்தப் பெட்டிப் பலகையை இழைத்து யானை, மயில், குதிரைத் தலை, சுவர்க் கடிகாரம் என்று எதையாவது செய்து வீட்டில் திட்டு வாங்குவோம்.

எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. செய்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும்; மற்றவர்கள் இதயமோ கைதட்டலோ போடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் ஒருவருடைய ஷெட்டில் கூடுவோம். கொண்டுவந்த பொருள்களை மேஜையில் வரிசையாக வைத்து, தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிரமாதம் என்போம். நாம் செய்தது இதைவிடப் பரவாயில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே டீ குடிப்போம். (என் விஷயத்தில் அப்படி நினைத்துக்கொள்ளவும் வழியில்லை. நான் செய்த சிங்கத்தைப் பார்த்து, நாய் உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது என்று பாராட்டினார்கள்.)

குழுவில் அந்தோணி என்று ஒருவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருப்பவன். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அவன் கேட்பது ஒரே கேள்விதான். “மரம் காஞ்சிட்டா அண்ணாச்சி?” கண் அழகாக இருக்கிறதா, மூக்கு சரியாக இருக்கிறதா என்றெல்லாம் அவனுக்குக் கவலை கிடையாது. ரசனை கெட்ட ஜன்மம் என்று அவனை நான் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

தேவராஜ் அதற்கு நேர்மாறு. பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தவர், எங்கள் குழுவிலேயே கைத்தொழில் சுத்தமான ஆள். பறவைகள் மட்டும்தான் செய்வார். கொக்கு, மரங்கொத்தி, ஏரியில் இறங்கும் நீர்க்காகம். குழுவில் படத்தைப் போடுவார். ஒரு வார்த்தை எழுத மாட்டார். நாங்கள் பத்தி பத்தியாகப் புகழ்ந்து தள்ளினால் கட்டை விரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாள் முழுக்க அவரோடு ஷெட்டில் உட்கார்ந்திருந்தால் மூன்று வார்த்தை கிடைக்கும். அதில் இரண்டு ‘ம்’.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர், விளக்குப் போடாமல் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கண்டெய்னர் லாரியின் பின்னால் மோதிவிட்டார். ஆட்கள் ஓடி வருவதற்குள் லாரி போய்விட்டது. தேவராஜும் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து முகத்தை முழுதாகத் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி மேகலா, புருஷன் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்காமலேயே அனுப்பி வைத்தாள். நாலாவது படிக்கிற மகள் ஒருத்தி இருக்கிறாள்.

போட்டோ என்றால் தேவராஜ் ஒதுங்கிவிடுவார். கல்யாணப் படத்தில்கூடத் தலையைக் குனிந்திருப்பார். கடைசியில் கம்பெனி ஐடி கார்டில் இருந்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். யாரோ பின்னாலிருந்து மிரட்டியதைப் போன்ற கண்களோடு நீலப் பின்னணியில் ஒருவர் இருந்தார். மேகலா அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது அவரு இல்லண்ணா. ஐடி கார்டு” என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். துக்கம் கேட்க வந்தவன் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். “நான் மரத்துல செஞ்சு தரேம்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வைக்குப் பிறகு பின்வாங்க முடியாது. பாதி அவளுக்காகத்தான் சொன்னேன், சத்தியமாக. மீதிப் பாதி, குழுவில் எனக்கு இருந்த நாய் செய்தவன் என்ற பெயரை மாற்றுவதற்காக. எந்தப் பாதி பெரியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

செய்முறை இதுதான். முகத்துக்கு வெளுத்த பைன். முடிக்கும் மீசைக்கும் கறுத்த ஈட்டி மரம். கன்னத்து நிழலுக்கும் மூக்குக்கும் தேக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறுத்து, உரசி, பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஒரு ப்ளைவுட்டின் மேல் வெள்ளைப் பசையில் ஒட்ட வேண்டும். இணைப்புகள் ஆழமாகத் தெரியட்டும் என்று ப்ளைவுட்டுக்கு முதலில் கறுப்பு அடித்தேன். (இந்தக் கறுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பைன் பலகை காயலான் கடையில் மழையில் கிடந்தது. தூக்கும்போதே கனத்தது. அப்படிப்பட்ட மரத்தை நிழலில் மாதக்கணக்கில் போட்டு வைக்க வேண்டும். எனக்கு இருந்ததோ சில நாட்கள். என் மனைவி கீதாவின் ஹேர் ட்ரையரை எடுத்துப் பலகைக்குச் சூடு காட்டினேன். செத்தவர் மூஞ்சிக்கு என் ட்ரையரா என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அன்றிலிருந்து அந்த ட்ரையரை அவள் தொடவில்லை.

விஷயம் தெரிந்து அந்தோணி போன் செய்தான். என்ன கேட்டிருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “இது கலை அந்தோணி. வடாம் இல்ல” என்றேன். அவன் கோபப்படவில்லை. தேவராஜ் அண்ணன் வீட்டுப் பரணில் நன்றாகக் காய்ந்த பலகைகள் கிடக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்களேன் என்றான். துக்க வீட்டில் போய்ப் பரணைக் குடைவதா என்று பெரிய மனிதத்தனமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தாடைக்கு ஒரே அகலப் பலகை போட்டேன். மரத்தின் ரேகை இடமிருந்து வலமாக ஓடியது. ஈர மரம் காயும்போது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். அதாவது, தாடை மேலிருந்து கீழாகச் சுருங்கும். போதாததற்குத் தாடையின் அடிப்பக்கத்தைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கி ஒட்டிவிட்டு, பசை வெளியே பிதுங்கிவிடும் என்று உதட்டுப் பக்கம் பசையே போடவில்லை. எந்தப் பக்கம் பிடிப்பு இல்லையோ அந்தப் பக்கம்தான் விலகும். மரவேலையில் இது முதல் பாடம். நான் இரண்டாம் பாடத்திலிருந்து ஆரம்பித்தவன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முகம் அமைந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் முறையாக, எதைச் செய்ய நினைத்தேனோ அதையே செய்திருந்தேன். அதே ஒடுங்கிய கன்னம், அதே அடர்ந்த மீசை, இறுக்கி மூடிய அதே உதடு. கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியபோது மேகலா பக்கத்தில் வந்து கன்னத்தில் கை வைத்தாள். “அவருதான்” என்றாள். நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவது போலக் கொஞ்சநேரம் குனிந்தே நின்றேன்.

குழுவில் படம் போட்டதும் இதயங்களாகக் கொட்டின. அந்தோணிகூட ஒரு இதயம் போட்டான். கீழேயே ‘மரம்?’ என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் சேதம் குறைந்திருக்கும். வேலைப்பாடு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று, கண்காட்சியில் வைப்பதைப் போல ஒரு ஃபோகஸ் லைட்டைக் கீழிருந்து முகத்தில் அடிக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன். தொட்டால் கை பொசுங்குகிற ரகம். படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு பதினாறு நாளும் அணையக் கூடாது என்பது வழக்கம். லைட்டும் விளக்குதானே என்று மேகலா அதையும் ராத்திரி பகலாக எரிய விட்டாள். ஒரு ஈரப் பலகையைக் காய வைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

காரியத்துக்குச் சில நாள் முன்பு சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு மூலையில் இருந்தேன். (என் வேலைப்பாட்டைப் புதிதாக யாராவது பாராட்டினால் கேட்டுக்கொள்ளலாமே.) தேவராஜின் அண்ணன் ஏகாம்பரம் வந்திருந்தார். வாலாஜாபாத் பக்கம் விவசாயம். முரட்டு ஆள், ஆனால் கெட்ட மனிதர் இல்லை; தம்பியை எரித்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி பெண்டாட்டியையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அப்போதுதான் மேகலா சொன்னாள், போன் பாகங்கள் கோக்கிற ஒரு கம்பெனியில் தனக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள், பஸ் தெருமுனைக்கே வரும், காரியம் முடிந்த திங்கட்கிழமை சேரப்போகிறேன் என்று.

“உனக்கும் கொயந்தைக்கும் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்? ஷிஃப்டுக்குப் போயி ராவுல வூடு திரும்புறதெல்லாம் நமக்கு வாணாம்மா” என்றார் ஏகாம்பரம். தம்பியை அந்த ரோடுதான் கொண்டுபோனது என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மேகலா தலையைக் குனிந்தபடி, ஆனால் தெளிவாக, நான் போகத்தான் போகிறேன் மாமா என்றாள்.

ஏகாம்பரம் தம்பியையே நியாயம் கேட்பவரைப் போலச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

“டேய், இவன் வாயத் தொறந்துகினு கீறான்டா” என்றார்.

எல்லோரும் பார்த்தோம். இறுக்கி மூடியிருந்த உதடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. ப்ளைவுட்டுக்கு நான் அடித்த அதே கறுப்பு. வாய் திறந்தால் உள்ளே எவ்வளவு இருட்டாக இருக்குமோ அவ்வளவு இருட்டாக இருந்தது.

என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, தாடைப் பலகை சுருங்கிவிட்டது ஐயா, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். குழுவில் வாங்கிய இதயங்கள் கண்முன்னால் வந்தன. வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று மட்டும் முனகினேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் வாய் நன்றாகவே திறந்துகொண்டது. சுண்டுவிரல் நுனி நுழையும். தெருவே வந்து பார்த்தது. தாகத்தில் தண்ணீர் கேட்கிறான் என்று ஒரு அத்தை டம்ளரில் தண்ணீர் வைத்தார். இன்னொருவர் பீடி வைத்தார். (தேவராஜ் பீடி பிடித்ததே கிடையாது.) ஓடிப்போன லாரியின் நம்பரைச் சொல்லத்தான் வருகிறார் என்று தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பேனாவும் கையுமாக ஒரு மத்தியானம் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏகாம்பரத்துக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தானே திறந்தான், அவனுக்கு இஷ்டம் இல்லை, அதைச் சொல்லத்தான் வருகிறான் என்றார். அதற்கு எதிராகப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. உயிரோடு இருக்கிறவர் சொன்னால் சண்டை போடலாம். செத்துப்போனவர் வாயைத் திறந்தால் யார் என்ன பேசுவது?

மேகலா என் வீட்டுக்கு வந்தாள். கீதா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், குடிக்கவில்லை.

“அண்ணா, நீங்கதான் செஞ்சீங்க, உங்களுக்குத் தெரியும். அவரு இன்னா சொல்ல வராரு?”

நான் கீதாவைப் பார்த்தேன்.

“உசுரோட இருந்தப்ப நான் எது கேட்டாலும் ‘ம்’முனுவாரு. ஒரு தபாகூட வாணான்னு சொன்னது இல்ல. இப்ப வாணான்னு சொல்றாருன்னா நான் போவல. ஆனா இன்னான்னு தெரியணும். ராவெல்லாம் அவரு வாயையே பாத்துகினு கீறேன்” என்றாள்.

அது மரம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கன்னத்தில் கை வைத்து ‘அவருதான்’ என்று சொன்னது ஞாபகம் வந்தது. பார்க்காமல் அனுப்பிய முகத்துக்குப் பதிலாக அது ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. அதையும் பெட்டிப் பலகை என்று எப்படிச் சொல்வது? இப்படி நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கிறது. வெட்கமும் அதே அளவு இருந்தது. காரியத்தன்று எல்லாம் சரியாகிவிடும் என்று மழுப்பி அனுப்பினேன். அவள் போனதும், நீங்கள் சொல்கிறீர்களா அல்லது நான் போய்ச் சொல்லட்டுமா என்று கீதா கேட்டாள். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது என்றேன். என் யோசனைகளைப் பற்றி அவளுக்கு இருக்கும் அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

யோசனை எளிமையானது. காய்ந்ததால்தானே சுருங்கியது? நனைத்தால் ஊதும். ஊதினால் வாய் மூடிக்கொள்ளும். காரியத்தன்று எல்லோரும் ஏரிக்கரைக்குப் போன பிறகு ஈரத் துண்டைப் போட்டு வைத்தால், அவர்கள் திரும்பி வரும்போது தேவராஜ் வாயை மூடிக்கொண்டிருப்பார். தம்பிக்குச் சம்மதம்தான் என்று ஏகாம்பரமே சொல்லிவிடுவார். மேகலா வேலைக்குப் போவாள். என் இதயங்களும் பத்திரமாக இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றைக்கு மேகலாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். வந்ததும் கற்பூரம் காட்ட வசதியாகப் படையலை முன்பே போட்டு வைத்திருந்தார்கள். தலைவாழை இலையில் சோறு, சாம்பார், வடை, நடுவில் ஒரு கிண்ணம் நிறையப் பாயசம். பூனை வாய் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் தங்கிவிட்டேன். சமைத்தவர்கள் பின்கட்டில் இருந்தார்கள். ஃபோகஸ் லைட்டை அணைத்தேன். வெந்நீரில் துண்டை முக்கி, பிழியாமல், தேவராஜின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் போர்த்தி அழுத்திப் பிடித்தேன். ஆறினால் மறுபடி முக்கினேன். நடுநடுவே தூக்கிப் பார்த்தேன். கோடு குறுகிக்கொண்டுதான் வந்தது. பரீட்சை பாஸானவனைப் போல எனக்குச் சந்தோஷம்.

ஈரம் மேலேயும் ஏறும் என்பதை நான் யோசிக்கவில்லை. நெற்றியில் வைத்திருந்த குங்குமம் கரைந்து, புருவத்தைத் தாண்டி, கன்னத்தில் சிவப்பாக இறங்கியது. எனக்கே பார்க்க முடியவில்லை. ஒரு கையால் துண்டை வாயில் அழுத்தியபடியே இன்னொரு கையால் அதைத் துடைக்கப் போனேன். அது இன்னும் பரவியது.

அந்த நேரத்தில் வாசலில் ஆள் அரவம் கேட்டது. மழை பிடித்துக்கொண்டதால் காரியத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். முன்னால் ஏகாம்பரம், மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக. அவருக்குப் பின்னால் மேகலா. அவளுக்குப் பின்னால், படையலுக்கு வந்த என் மரவேலைக் குழு முழுவதும். அவர்கள் பார்த்தது இதுதான்: முகமெல்லாம் சிவப்பு வழிய நிற்கும் தேவராஜ், அவர் மூக்கையும் வாயையும் துண்டால் பொத்தி, சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கும் நான்.

“என் தம்பி வாயப் பொத்துறியாடா?” என்றார் ஏகாம்பரம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நான் பதறித் துண்டை வெடுக்கென்று இழுத்தேன். வெள்ளைப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. தேக்கு மூக்கு துண்டோடு வந்தது. துண்டை உதறினேன். மூக்கு பறந்துபோய்ப் பாயசத்தில் விழுந்து, ஒரு முறை முழுகி, மேலே வந்து மிதந்தது.

தேவராஜ் மூக்கில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் கச்சிதமாக மூடியிருந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து அந்தோணி முன்னால் வந்தான். சுவரருகே போய்த் தாடையைத் தடவினான், பிளவிருந்த இடத்தை நகத்தால் வருடினான். பிறகு என்னைப் பார்த்தான். கேலி செய்கிற முகமாக இல்லை.

“மரம் காஞ்சிட்டா அண்ணாச்சி?” என்றான்.

“காயல அந்தோணி” என்றேன்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மழையில் நனைந்த பெட்டி, ஹேர் ட்ரையர், குறுக்கு ரேகை, லைட், பயம். வேலைக்குப் போகிறேன் என்று மேகலா சொன்ன அன்று வாய் திறந்தது, அன்றைக்குத்தான் பலகை அந்த அளவுக்குக் காய்ந்திருந்ததால். அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் திறந்துதான் இருக்கும் என்றேன். சொல்லும்போது என் குழு ஆட்கள் யாருமே என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாயசத்தைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் மட்டும் நம்ப மறுத்தார். மரமாவே இருக்கட்டும், மரத்துக்குள் அவன் வந்து சொல்லக் கூடாதா என்றார்.

மேகலா கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“வாயத் தொறந்ததுக்கு அர்த்தம் சொன்னீங்களே மாமா. மூக்கு பாயசத்துல வியுந்துச்சே, இதுக்கு இன்னா அர்த்தம்?”

ஏகாம்பரம் எதையோ சொல்ல வந்தார். மூக்கைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மறுபடி மூக்கைப் பார்த்தார். மேகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இத்தனை நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. யாருக்கும் கூடச் சேர்ந்து சிரிக்கத் தைரியம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது.

“மரம்தானா. அப்ப அவரு போயிட்டாரு” என்றாள்.

எரித்துவிட்டு வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பின்கட்டிலிருந்து கீதா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். நான் கையில் ஈரத் துண்டோடு நின்றேன். என் ஆயுசில் என்னை நானே அவ்வளவு வெறுத்தது கிடையாது.

வெகுநேரம் கழித்து ஏகாம்பரம் இலைப் பக்கம் வந்தார். அந்தப் பாயசத்தை எடுத்துவிட்டு வேறு ஊற்றச் சொன்னார். பிறகு மேகலா பக்கம் திரும்பாமல், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். திங்கட்கிழமை காலையில் வாலாஜாபாத்திலிருந்து வந்து, தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு, அவள் பஸ் ஏறும் வரைக்கும் நின்றவர் அவர்தான். ஏறியதும் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னாராம்.

மூக்கை அந்தோணி ஒட்டிக் கொடுத்தான், தண்ணீருக்கு அசையாத பசையில். கொஞ்சம் கோணல்தான். தாடையையும் கழற்றி, பரணில் இருக்கும் காய்ந்த பலகையில் புதிதாகச் செய்து தருகிறேன் என்று நான் கெஞ்சினேன். மேகலா ஒப்புக்கொள்ளவில்லை. இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். அதனால் தேவராஜ் இன்றைக்கும் பங்குனி பிறந்தால் வாயைத் திறக்க ஆரம்பிக்கிறார். ஐப்பசி மழை விழுந்தால் மூடிக்கொள்கிறார். அவர் திறந்துவிட்டார் என்றால் தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் அர்த்தம். ஏகாம்பரம் ஊரிலிருந்து போன் செய்து, தம்பி வாயை மூடிட்டானாம்மா என்று கேட்டுக்கொண்டுதான் நாற்று விடுகிறார். என் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், ஈரத் துண்டு எடுத்து வரட்டுமா என்கிறாள் கீதா. குழுவில் யார் எதைப் போட்டாலும் முதலில், மரம் காய்ந்துவிட்டதா என்று கேட்பவன் இப்போது நான்தான். அந்தோணிக்கு அந்த வேலை போய்விட்டது.

போன சித்திரையில் ஒரு சாயங்காலம் மேகலா ஷிஃப்ட் முடிந்து வரும்போது தெருவில் பார்த்தேன். கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. படத்தில் அவளும் யாரோ பின்னாலிருந்து மிரட்டியதைப் போலத்தான் இருந்தாள். நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கார்டைத் திருப்பிவிட்டுச் சிரித்தாள்.

“எனக்குச் செய்யறப்ப நல்லா காஞ்ச மரமா பாத்துக்கோங்கண்ணா. நான் சொல்ல வேண்டியத இப்பவே சொல்லிகினுதான் கீறேன்” என்றாள்.